ஜெபத்தின் முதற்பாதி

பிப்ரவரி 9

அன்புள்ள மைத்துனனுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாராக. "இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்" என்று தொடங்குவது என் வழக்கம். இம்முறை அதில் பின்பாதியை மட்டுமே எழுத முடிகிறது.

பக்கத்து வீட்டுப் பெண் தொலைபேசியில் உனக்குச் சொன்னதை இனி முறையாக எழுதுகிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்த உன் அக்கா அப்படியே சரிந்தாள். பக்கவாதம். வலக் கையும் வலக் காலும் தளர்ந்துள்ளன; வாய் ஒருபுறம் சற்றே இறங்கியிருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். நாம் பேசுவதெல்லாம் அவளுக்கு விளங்குகிறது. ஆனால் பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமானாலும், சன்னலைச் சாத்த வேண்டுமானாலும், "த... த..." என்னும் ஓசை ஒன்றுதான். நான் தொலைபேசியில் பேசாமல் எழுதுவது இதனாலேதான். இந்தச் சிறு வீட்டில் எங்கு நின்று பேசினாலும் அவள் காதில் விழும். தன்னைப் பற்றித் தன் முன்னே பிறர் பேசக் கேட்டுக்கொண்டு மறுமொழி சொல்ல இயலாமற் கிடப்பது கொடுமை.

மாலையில் நாங்கள் ஜெபமாலை சொல்வதைப் பார்த்திருக்கிறாய், கேலியும் செய்திருக்கிறாய். ஒவ்வொரு மணிக்கும் அவள் முதற்பாதியைச் சொல்வாள், நான் மறுபாதியைச் சொல்வேன். திருமணமான நாள் தொட்டு இடம் மாறியதில்லை. அந்தாதிச் செய்யுள்போல் அவள் முடித்த இடத்தில் நான் தொடங்குவேன். இப்போது மாலை நேரம் மிக நீளமாக இருக்கிறது.

எல்லாம் இறைவன் திருவுளப்படியே. உன் முழங்கால் அறுவைச் சிகிச்சைப் புண் ஆறும்வரை நீ பயணம் செய்யலாகாது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
அத்தான்


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். முழங்கால் மடங்குகிறது, மடங்கும்போது கதவுபோல முனகுகிறது. பல்செட் பட்டறையைக் கைத்தடியோடு திறந்துவிட்டேன். மற்றபடி நலம் என்று எழுதக் கை வரவில்லை.

அக்கா என்னை "வாயாடி" என்றுதான் கூப்பிடுவாள். ஒருவர் வாயை அடைக்கத்தான் வேண்டும் என்று உங்கள் ஆண்டவர் புறப்பட்டிருந்தால் நேரே என்னிடம் வந்திருக்கலாமே! தெருவே கைதட்டியிருக்கும், முதல் ஆளாக என் மனைவி. அதை விட்டுவிட்டு, தினமும் அவருடைய தாயை அழைத்துக்கொண்டிருந்த வாயையா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். நான் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்திலேயே உங்களைக் கேட்டேன்: "கடவுள் நல்லவரு, எல்லாம் செய்ய முடிஞ்சவரு. அப்புறம் ஏன் இதெல்லாம் நடக்குது?" நீங்கள் சைக்கிளை நிறுத்தாமலே, "அதைப் பிறகு சொல்றேன்டா" என்றீர்கள். நானும் கோயிலை விட்டு வெளியே வந்து காத்திருந்தேன். அத்தான், அந்தப் 'பிறகு' இப்போது வந்துவிட்டது.

அக்கா என்ன சாப்பிடுகிறாள், தூங்குகிறாளா என்றெல்லாம் எழுதுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாயாடி


மார்ச் 6

அன்புள்ள மைத்துனனுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருப்பதாக. உன் அக்கா மசித்த உணவை விழுங்குகிறாள். பகலில் தூங்கிவிட்டு இரவில் விழித்திருக்கிறாள்.

உன் கேள்விக்கு வருகிறேன். தீமை என்பது தனக்கென இருப்புடைய ஒரு பொருளன்று. இருக்க வேண்டிய நன்மை இல்லாமற்போன இடத்துக்கே அப்பெயர். இருளை எவரும் படைக்கவில்லை. விளக்கு இல்லாத அறையில் அது தானே இருக்கிறது. ஆகவே இறைவன் தீமையைப் படைத்தார் என்று சொல்வதற்கில்லை. அதை ஏன் தடுக்கவில்லை என்பாய். மனிதர் கையால் வரும் தீமைக்கு அவர் நமக்களித்த சுதந்தரமே காரணம். நோயும் பேரிடரும் போன்றவற்றை, அவற்றினின்றும் பெரியதொரு நன்மையை விளைவிக்க வல்லவராதலால் அனுமதிக்கிறார். நெய்யப்படும் துணியின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறோம் நாம், முடிச்சுகளே தெரிகின்றன. மேற்பக்கத்தைப் பார்ப்பவர் அவர்.

வாரந்தோறும் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறேன். நீண்ட அறை, ஒரு சுவர் முழுதும் கண்ணாடி. அடுத்த நாற்காலியில் லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவி. இளவயது, அதே நோய். பயிற்சி தரும் பெண் உன் அக்காவை ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னாள். கிழமைகளைச் சொல்லச் சொன்னாள். கண்ணீர்தான் வந்தது. பிறகு என்னைக் கேட்டாள்: "ஐயா, வீட்டுல ரெண்டு பேரும் தினமும் சேர்ந்து ஏதாவது சொல்வீங்களா? பாட்டோ ஜெபமோ? நாக்குக்குப் பழகிப்போனது சில பேருக்குத் தானா வரும். நீங்க ஆரம்பிச்சு வைங்க." தலையசைத்தேன்.

உன் முழங்காலுக்காக வேண்டும்,
அத்தான்


மார்ச் 18

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். கைத்தடியை ஓரமாகச் சாத்திவிட்டேன்.

உங்கள் விடையைப் பட்டறை மேசையில் வைத்து, சுண்ணமாவில் வார்த்த பல் அச்சுகளுக்கு நடுவே இரண்டு முறை படித்தேன். அழகான தமிழ். ஆனால் நான் பிழைப்பதே இல்லாமற்போன பொருளை வைத்துத்தான். பல் விழுந்த இடம் வெறும் இன்மைதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த இன்மையோடு வருகிறவர்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து, "ஐயோ, மெதுவா!" என்று கத்துகிறார்களே, அத்தான்! "அம்மா, அங்கே ஒண்ணும் இல்லை, இல்லாத இடம் எப்படி வலிக்கும்?" என்று நான் கேட்டால், எழுந்து போவதற்கு முன் என் பல்லுக்கும் அதே இன்மையை உண்டாக்கிவிட்டுத்தான் போவார்கள்.

துணியின் மேற்பக்கம் அழகாக இருக்கலாம். என் அக்கா நூலாக இருப்பதற்குச் சம்மதித்தாளா? அதை யார் கேட்டார்கள்?

அது இருக்கட்டும். அந்தப் பயிற்சிப் பெண் சொன்னதைச் செய்தீர்களா? ஜெபத்தை ஆரம்பித்து வைத்தீர்களா? அக்கா என்ன செய்தாள்?

பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்,
வாயாடி


ஏப்ரல் 2

அன்புள்ள மைத்துனனுக்கு,

ஆசீர். கைத்தடியை விட்டாய் என்பதில் மகிழ்ச்சி.

உன் பல் எடுத்துக்காட்டை மறுக்க வழியில்லை. மறைநூலில் சாம்பலில் அமர்ந்து ஓட்டுத்துண்டால் புண்ணைச் சுரண்டிய நீதிமான் ஒருவர் உண்டு. அவருடைய நண்பர்கள் வந்து, வாய் திறவாது, தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் ஞானிகள். காரணம் சொல்ல வாய் திறந்ததும் அறிவீனராயினர். இறைவனே அவர்களைக் கடிந்துகொண்டார். குறை சொல்லிப் புலம்பியவரையோ, "என்னைப் பற்றிச் சரியாகப் பேசினவன்" என்றார். பல்லாண்டு கற்பித்திருக்கிறேன், நான் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தேன் என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

உன் அக்கா பல்செட்டைக் கழற்றிவிட்டாள். முகம் மெலிந்து வாய் கோணியதில் அது நிற்கவில்லை. ஏதேனும் ஓசை எழுப்ப முயன்றாலே நழுவி விழுகிறது. சன்னலோரக் குவளையில் போட்டு வைத்திருக்கிறாள். வருவோர் முன் வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள். இடக் கையால்.

இந்த ஆண்டு எங்கள் திருமண நாளுக்கு வெண்பா எழுதவில்லை.

இப்படிக்கு,
அத்தான்


ஏப்ரல் 12

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம்.

அக்கா பல்லைக் குவளையில் போட்டுவிட்டாள் என்று படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நான் செய்த பல் அது! மாத்திரைபோல ஒன்றைத் தபாலில் அனுப்பிச் சரிசெய்ய முடியாது. புதிதாக அளவெடுக்க வேண்டும். மருத்துவர் முழங்காலுக்கு விடுதலை கொடுத்ததும் நானே வருகிறேன்.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. ஜெபத்தை ஆரம்பித்தீர்களா?

வெண்பா எழுதாதது பற்றி: நீங்கள் வருஷாவருஷம் வாசிக்கும்போது அக்கா, "ஒண்ணும் புரியலை, ஆனா நல்லாருக்கு" என்பாளே. இந்த வருஷமும் வாசித்திருக்கலாம். புரியவில்லை என்று சொல்லத்தான் முடியாதே தவிர, காது இருக்கிறது.

அன்புடன்,
வாயாடி


ஜூன் 15

மைத்துனனுக்கு,

நலம். உன் கடிதங்கள் வந்தன. மறுமொழி தாமதமாயிற்று. உன் அக்கா சுவரைப் பற்றிக்கொண்டு குளியலறை வரை நடக்கிறாள். பேச்சில் மாற்றமில்லை. லாரி ஓட்டுநரின் மனைவிக்கும் அவ்வாறே. வெயில் கடுமை. பிற பின்.

அத்தான்


ஜூன் 22

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உறையையும் உதறிப் பார்த்தேன். ஆண்டவர் எங்கே?

சிரிக்காதீர்கள். எனக்குக் கடிதம் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து அவர் பெயர் இல்லாமல் நீங்கள் ஒரு வரவு செலவு விவரம்கூட எழுதியதில்லை. மழைக்கு நன்றி, மழை நின்றதற்கும் நன்றி. இந்தக் கடிதத்தில் ஆசீர் இல்லை, திருவுளம் இல்லை, எனக்காக ஜெபிக்கிறேன் என்பதும் இல்லை. என் தொழிலில் வாயைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது, இல்லாத பல்தான்.

இவ்வளவு காலம் உங்களோடு சண்டை போட்டவன் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும், இல்லையா? எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தான். நான் நம்பாமல் இருப்பதே நீங்கள் நம்புகிற தைரியத்தில்தான். சுவர் இருக்கிறது என்று தெரிந்துதானே உதைக்கிறோம்.

முழங்காலாவது ஒன்றாவது! பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். அளவெடுக்க மெழுகும் அதை இளக்கச் சாராய விளக்கும் எடுத்து வருகிறேன். நான் வருவதை அக்காவிடம் சொல்லுங்கள்; உங்களுக்கும் சேர்த்துத்தான் வருகிறேன் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம்.

புறப்பட்டுவிட்ட,
வாயாடி


ஜூலை 14

என் அன்பு மைத்துனனுக்கு,

ஆண்டவரின் ஆசீர் உன்மேலும், உன் கருவிப்பெட்டியின் மேலும், வழி முழுதும் நீ திட்டிக்கொண்டு வந்த அந்த முழங்காலின் மேலும் இறங்குவதாக.

நீ ரயிலேறியதும் எழுத உட்கார்ந்தேன், அன்றும் முடியவில்லை, நேற்றும் முடியவில்லை. உன் முன்னிலையில் சொல்ல இயலாதது ஒன்று உண்டு. அதற்கு முன், நான் சமையலறையில் நின்று கேட்டதை எழுதுகிறேன். நீ முன்னிருந்து பார்த்தாய். எனக்குக் காட்சி இல்லை, குரல்கள் மட்டுமே.

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, விளக்கில் மெழுகை வாட்டி, பற்கள் பதித்த மெழுகு வளையத்தை, வரப்போகும் பல்செட்டின் மாதிரியை, அவள் வாயில் பொருத்தினாய். நான் குவளையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பட்டறையில் யாரைக் கண்டாலும் சொல்லும் வாக்கியத்தைப் பழக்கத்தில் சொன்னாய்:

"ம், இப்ப மனப்பாடமா எதையாவது சொல்லுங்க. தாடை எப்படி அசையுதுன்னு பாக்கணும்."

சொன்ன பிறகே யாரிடம் சொன்னோம் என்று உனக்கு உறைத்திருக்க வேண்டும். குழாயை மூடினேன்.

"அட, விடுக்கா. நான் சொல்றேன், நீ சும்மா வாயை மட்டும் அசை," என்றாய். வாயாடிக்கு வேறெதுவும் அகப்படவில்லைபோலும். சிறு வயதில் உங்கள் தாயார் சொல்லிக்கொடுத்த அந்த ஜெபத்தின் முதற்பாதியைத் தொடங்கினாய். எப்படித் தொடங்கினாய்! இரண்டாம் அடியை விழுங்கினாய். மூன்றாம் அடியை இருமுறை சொன்னாய். இடையில் வேறொரு ஜெபத்தின் துண்டையும் கொண்டுவந்து ஒட்டினாய். எப்படியோ பாதியைக் கடந்து நின்றாய். "அப்புறம்... அப்புறம் என்னமோ வருமே. போச்சு, மறந்துபோச்சு."

அப்போது மெழுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். குழறியது, பற்களில் இடறியது, ஆனாலும் நில்லாமல் மறுபாதி முழுவதையும் சொல்லிற்று. இத்தனை ஆண்டும் நான் சொல்லி அவள் கேட்டிருந்த பாதி. அதில் "இப்பொழுதும்" என்ற சொல் தெளிந்த மணியோசையாய் விழுந்தது.

"அத்தான்! அத்தான், ஓடி வாங்க! அக்கா ஜெபம் சொல்றா!"

ஓடி வந்தேன். நீ அழுதுகொண்டே அவளைத் திட்டிக்கொண்டிருந்தாய்: "மெழுகைக் கடிச்சு நாசம் பண்ணிட்டியே, இனி முதல்லேர்ந்து எடுக்கணுமே!" அவள் சிரித்தாள். உனக்கு நினைவிருக்கும், வாயை மூடிக்கொள்ளாமல் சிரித்தாள்.

இனி, சொல்லாமல் விட்டது. அன்று மாலை ஆணியில் தொங்கிய ஜெபமாலையை நீ எடுத்து ஊதினாய், தூசி பறந்தது. "எவ்வளவு நாளாச்சு, அத்தான்?" என்றாய். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாதங்களாயின, தம்பி. பயிற்சிப் பெண் கேட்கும்போதெல்லாம், "சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று தலையசைத்து வந்தேன். ஒருநாளும் தொடங்கவில்லை. முதற்பாதி அவளுடையது, அதை என் வாயால் சொல்வது அவள் நாற்காலியை எடுத்து அப்புறப்படுத்துவதுபோல் இருந்தது. நான் தொடங்கி, அதற்கும் அவள் "த... த..." என்றால், என்னிடம் எஞ்சியிருந்த இரண்டையும், அவளையும் ஆண்டவரையும், ஒரே மாலையில் இழந்துவிடுவேன் என்றும் அஞ்சினேன். கோபமும் இருந்தது. உனக்கு மேற்பக்கத் துணியைக் காட்டியவன், தனியே நின்று அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம்பாதவன் தப்பும் தவறுமாய்த் தொடங்கினான், நடந்துவிட்டது.

இப்போது மாலைதோறும் நான் முதற்பாதி. அவள் மறுபாதி. நான் ஓர் அடி பிசகினாலும் முறைக்கிறாள்.

நன்றியால் நிறைந்து,
உன் அத்தான்


ஜூலை 25

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம்! முழங்கால் வீங்கிப்போய் மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் பரம சௌக்கியம்.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "உங்க வாயாலயும் ஒரு நல்லது நடந்திருக்கே!" என்றாள். அவளுக்குத் தெரிந்த அற்புதம் அதுதான்.

பல்செட் தயார். இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. பஞ்சில் சுற்றியிருக்கிறேன், பிரித்ததும் தண்ணீரில் போடுங்கள்.

சந்தோஷத்தின் நடுவில் ஒன்று கேட்கிறேன். நான் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? அந்த லாரி ஓட்டுநரின் மனைவி பேசினாளா? இல்லையென்றால், என் அக்காவுக்குக் கொடுத்தவர் அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை? அக்காவும் பேசாமலே இருந்திருந்தால் உங்கள் கடிதத்தில் ஆண்டவர் திரும்பி வந்திருப்பாரா? உங்களைக் குத்துவதற்காக இல்லை. நானும் இங்கே ராத்திரி அந்த மூன்றாம் அடி என்னவென்று யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் அடி தெரியாத வாயாடி


ஆகஸ்ட் 20

அன்புள்ள மைத்துனனுக்கு,

இவ்விடம் இருவரும் நலம். அவ்விடம் நலமறிய ஆவல். இந்த வாக்கியத்தை முழுமையாக எழுதி எவ்வளவு காலமாயிற்று!

ஓட்டுநரின் மனைவி இன்னும் பேசவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை ஓட்டுநரிடம் சொன்னேன். "எங்களுக்கு ஜெபமெல்லாம் தெரியாதுங்கய்யா. லாரியில போகும்போது ஒரு பாட்டு பாடுவோம்," என்றார். வாரந்தோறும் மனைவியின் தலையை வாரிவிட்டுக்கொண்டே காதருகில் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறார். பதில் இல்லை. மறுவாரமும் முணுமுணுக்கிறார். ஆகவே, எங்கள் வீட்டில் நடந்ததை உன் கேள்விக்கு விடையென்று நான் எழுதமாட்டேன். அந்த நாற்காலியின் முன் நின்று சொல்லக் கூசும் விடை, விடையாகாது. அவள் பேசாதிருந்திருந்தால் ஆண்டவர் என் கடிதத்துக்குத் திரும்பியிருப்பாரா என்றாய். அவர் வெளியே போகவில்லை, தம்பி. எழுதியவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். திரும்பியிருப்பேன் என்று நம்புகிறேன், சத்தியம் செய்யமாட்டேன்.

எனக்குப் பிடிபட்டது சிறிது. ஆயுள் முழுதும் நான் மறுபாதிக்காரன்: ஜெபத்திலும், வகுப்பிலும், உன்னிடமும். பிறர் தொடங்குவார்கள், நான் முடித்து வைப்பேன். சிலுவையில் நம் ஆண்டவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஏன் கைவிட்டீர் என்று கேட்டார். கடவுளே கடவுளை நோக்கிக் கேட்ட கேள்வி அது. அதுவும் ஒரு முதற்பாதி. அங்கே நின்றிருந்த ஒருவராலும் மறுபாதி சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் வரை வானமும் வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் ஓட்டுநர் சீப்போடு நிற்கிறார். அவரோடு நின்று அவருடைய பாட்டைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். என் குரலைக் கேட்டுப் பயிற்சிப் பெண் அறைக் கதவைச் சாத்திவிட்டாள்.

இனி முக்கியச் செய்தி. உன் பார்சல் பழுதின்றி வந்தது. உன் அக்கா புதுப் பல்லை மாட்டிக்கொண்டு சுவர்க்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். அன்று முழுதும் கழற்றவில்லை. மறுநாள் காலை, நான் மேசையில் தட்டை வைக்கும்போது, இடக்கைவிரலைக் கன்னத்தில் வைத்து, என்னைப் பார்த்து, "உறுத்துது," என்றாள்.

மனப்பாடமன்று, எவரும் தொடங்கி வைக்கவும் இல்லை. அவளே தேடி, அவளே எடுத்த சொல். நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். மீண்டும், இம்முறை எரிச்சலோடு, "உறுத்துது!" என்றாள்.

நோய் வந்தபின் அவள் சொந்தமாகப் பேசிய முதற்சொல் ஒரு புகார், தம்பி. அதைக் கேட்டுத்தான் முழந்தாளிட்டேன். கேட்க ஆளில்லை என்று நினைப்பவர் குறை சொல்வதில்லை. இத்தனை மாதம் நான் ஆண்டவரிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. அதைப் பொறுமை என்று நினைத்திருந்தேன். அன்று மாலை ஜெபமாலைக்கு முன் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன்: அடுத்த நாற்காலிக்காரியைப் பற்றி, எனக்கு உறுத்துகிறது என்று. உன் அக்கா தலையசைத்தாள்.

மூன்றாம் அடி என்னவென்று எழுதி அனுப்பமாட்டேன். வந்து கேட்டுக்கொள். நேற்று அவள் என் பேனாவை எடுத்து என் கையில் திணித்தாள். கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "எழுது," என்றாள்.

ஆகவே எழுதுகிறேன்: மேல்வரிசையில், வலப்பக்கம், உள்ளே. அரத்தை எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டு வா.

முதற்பாதி பழகிக்கொண்டிருக்கும்,
உன் அத்தான்